வீரரும் மாந்தரே

சாயல்குடிப் பகுதிப் பள்ளியொன்றில் இலக்கிய மன்றக் கூட்டம். ‘புறநானூறு காட்டும் வீரம்’ என்பது நமக்குத் தரப்பட்ட தலைப்பு. கேட்கவா வேண்டும்! தமிழன் தோள்வலியைப் பேசினோம். தாயின் நெஞ்சுரத்தைப் பேசினோம். எழுவரை ஒருவனாய் நின்று வென்ற இளவல் நெடுஞ்செழியனைப் பேசினோம். வெண்ணிப் பறந்தலையில் வாகை சூடிய கரிகாலனைப் பேசினோம். கையொலி எழுந்தது. மகிழ்ந்து அமர்ந்தோம். அப்போது ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்:

“ஐயா, சின்னப் பிள்ளைகளை யானைக் காலிலே இடச் சொன்ன ஓர் அரசனும் அந்த நூலிலே இருக்கிறானாமே. அவனும் வீரன்தானா?”

நேரமாகிவிட்டது, பிறகு பேசுவோம் என்று சொல்லி இறங்கிவிட்டோம்.

வீடு வரும் வழியெல்லாம் அந்த விடை நம்மைக் குத்திற்று. வாலியை மறைந்து நின்று கொன்றது அறமா என்று கேட்டவர்கள் நாம். தவம் செய்த குற்றத்துக்குச் சம்பூகன் தலையை வெட்டியது நீதியா என்று ஊர்தோறும் மேடையிட்டுக் கேட்டவர்கள் நாம். ‘கேள்வி கேட்காதே, அது பாவம்’ என்றவர்களைப் பார்த்து நகைத்தவர்கள் நாம். அத்தகைய நாமே, கேள்வி நம் பக்கம் திரும்பியதும் கடிகாரத்தைக் காட்டித் தப்பினோம் என்றால், அயோத்திக்கு ஒரு நீதி, உறையூருக்கு ஒரு நீதி என்றுதானே பொருள்! பழைய புராணத்தைத் தூக்கியெறிந்த இடத்தில் புதிய புராணம் ஒன்றை நட்டுவைக்கவா இத்தனை பாடு?

ஆகவே அந்தச் சிறுவனுக்குரிய விடையை இங்கே எழுதுகிறோம். அதற்குமுன் கடல் கடந்து சென்று வரவேண்டியிருக்கிறது.

கடல் நமக்குப் புதிதல்ல. இந்தக் கீழைக் கரையிலேதான், வைகை கடலோடு கலக்கும் அழகன்குளத்தில், தமிழ்நாடு தொல்லியல் துறை 1986 முதல் பல கட்டங்களாக அகழ்ந்து, உரோம நாட்டுப் பானையோடுகளையும் காசுகளையும் கப்பல் உருவம் கீறிய ஓட்டையும் எடுத்திருக்கிறது. யவனர் கொணர்ந்த மதுவைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் தரப் பாண்டியன் நன்மாறன் பருகியதை நக்கீரர் பாடியிருக்கிறார். யவனர் என்ற சொல்லே அயோனியா என்ற கிரேக்கப் பகுதியின் பெயரிலிருந்து வந்தது. அந்த அயோனியாவோடு சேர்த்துத்தான் ஹோமரின் பெயரையும் பழங்காலத்தார் சொல்லி வந்தார்கள். மதுச்சாடியோடு அவன் கதையும் இக்கரையில் இறங்கிற்றா என்பதற்குச் சான்றில்லை. நாமும் கற்பனை செய்யப் போவதில்லை. ஆனால் இரு நாட்டுப் பாணர்களும் ஒரே வகை மனிதனைக் கண்டிருக்கிறார்கள். ஈழத்து அறிஞர் க. கைலாசபதி, பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனிடம் பயின்று ஆய்ந்து, 1968-இல் வெளியிட்ட ஆங்கில நூலில், சங்கப் பாட்டையும் கிரேக்க வீரப்பாட்டையும் அருகருகே வைத்து இந்த உறவை விரித்துக் காட்டினார்.

ஹோமரின் இலியத் எதைப் பாடத் தொடங்குகிறது தெரியுமா? டிராய் நகரின் வீழ்ச்சியை அன்று, மரக்குதிரையை அன்று, அக்கிலீஸ் என்னும் மாவீரனின் சினத்தை! படைத்தலைவன் அகமெம்னன், தனக்குக் கிடைத்த அடிமைப் பெண்ணைத் திருப்பித் தர நேர்ந்ததும், அக்கிலீசின் பங்காக வந்த பிரைசிஸ் என்பவளைப் பறித்துக்கொள்கிறான். பெண்ணைப் பொருளாகப் பங்கிட்ட இருவர்க்கிடையே எழுந்த மானப் பூசல் அது. (அவளை யாரும் ஒரு சொல் கேட்கவில்லை என்பதை நம் தோழியர் குறித்துக்கொள்வார்களாக!) அக்கிலீஸ் பாசறைக்குள் அமர்ந்துவிடுகிறான். வெளியே தன் இனத்தார் நூறு நூறாய் மடிகிறார்கள், அவன் அசையவில்லை. உயிர்த்தோழன் பட்ரோக்ளஸ் மாண்ட பிறகே எழுகிறான். எழுந்தவன் டிராயின் காவலன் ஹெக்டரைக் கொல்கிறான், கொன்றதோடு விட்டானா? பிணத்தைத் தேர்க்காலில் கட்டி இழுக்கிறான். தோழனின் ஈமத்தீயில் டிராய் இளைஞர் பன்னிருவரை வெட்டி இடுகிறான்.

இவன்தான் கிரேக்கரின் தலைசிறந்த வீரன். ஹோமர் எதையும் மறைக்கவில்லை. மதிலுக்கு வெளியே தனித்து நின்ற ஹெக்டர், அக்கிலீசை நேரில் கண்டதும் அஞ்சி ஓடியதை, மதிலை மும்முறை சுற்றி ஓடியதைப் பாடியிருக்கிறான். அதே ஹெக்டர் போருக்குமுன் தன் குழந்தையைத் தூக்கப் போக, தலைக்கவசத்தின் குஞ்சத்தைக் கண்டு குழந்தை வீறிட்டதையும், அவன் சிரித்துக் கவசத்தைக் கழற்றி மண்ணில் வைத்ததையும் பாடியிருக்கிறான். இறுதியில் முதியவன் பிரையம் இரவில் வருகிறான். தன் மக்கள் பலரைக் கொன்ற கையை முத்தமிட்டு மகனின் உடலைக் கேட்கிறான். அக்கிலீசுக்குத் தன் தந்தை நினைவு வருகிறது. இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். அடக்கம் முடியும்வரை போரை நிறுத்தித் தருகிறான். வெறியும் கண்ணீரும் ஒரே நெஞ்சில்!

ஆனால் ஹோமரின் படையிலே இன்னொருவனும் இருந்தான். தெர்சைட்டீஸ். அழகற்றவன், குடிப்பெருமை அற்றவன். ‘அகமெம்னனின் பேராசைக்காக நாம் ஏன் சாகவேண்டும்? வீடு திரும்புவோம்’ என்று அவையிலே கேட்டான். ஒடிசியஸ் செங்கோலால் அவன் முதுகில் அடித்தான், தழும்பு எழுந்தது, படையினர் சிரித்தார்கள். வேறெங்கும் அந்தப் படையைப் பற்றி இவ்வளவு உண்மையைப் பேசிய பொதுமகன் இல்லை.

இனித் தமிழகம் வருவோம்.

மாணவன் கேட்ட அரசன் சோழன் கிள்ளிவளவன். சிறுவர்கள் மலையமானின் மக்கள். பகைவன் வழித்தோன்றல்களை யானையின் காலில் இடத் துணிந்தான் கிள்ளிவளவன். தந்தையோடு பகையென்றால் களத்திலே தந்தையைச் சந்திக்கலாம். பால்மணம் மாறாதவர்களை மன்றத்தில் நிறுத்தியது எந்த வீரம்? எந்த உரையாசிரியனும் இதற்கு நல்ல பெயர் சூட்ட முடியாது. கொடுமை. அவ்வளவுதான்.

அந்த மன்றத்திலே கோவூர்கிழார் எழுந்து நின்றார். புறநானூற்றின் 46-ஆம் பாட்டு அவர் பேசிய பேச்சு. நீ புறாவின் துயர் தீர்த்தவன் மரபில் வந்தவன் என்கிறார். இவர்களோ புலவரின் வறுமைக்கு அஞ்சித் தம் சோற்றைப் பகிர்ந்துண்டவர் மரபு என்கிறார். பிறகு அரசனின் கண்ணைக் குழந்தைகளின் பக்கம் திருப்புகிறார். முதலில் அழுதுகொண்டிருந்த பிள்ளைகள், யானையைக் கண்டதும் அழுகையை மறந்துவிட்டார்கள். வேடிக்கை பார்க்கிறார்கள்! யானை தங்களைக் கொல்ல வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. புதிய கூட்டத்தைக் கண்டுதான் மருள்கிறார்கள். இதைக் கேட்டுவிட்டாய்; இனி உன் விருப்பம் என்று முடித்துவிடுகிறார். வாளில்லை, வசையில்லை, சாபமில்லை. ‘சிவபெருமான் தோன்றித் தடுத்தார்’ என்று கதை கட்டவும் இல்லை. சிறார் உயிர் பிழைத்தனர் என்று பாட்டின் அடியிலுள்ள பழங்குறிப்பு கூறுகிறது.

ஹோமரின் போர்களில் தெய்வங்கள் வேலைத் திருப்புகின்றன, பனிப்படலம் போர்த்தி வீரனைத் தூக்கிச் செல்கின்றன. புறநானூற்றுக் களத்திலோ மனிதன் எறிந்த வேல் மனிதன் மேல் பாய்கிறது; மனிதன் செய்த கொடுமையை மனிதன் சொல் தடுக்கிறது. கொற்றவை வழிபாடும் முரசுக்குப் பலியும் அன்றும் உண்டு. அவற்றை இல்லையென்று நாம் மறைக்கப் போவதில்லை. ஆயினும் வெற்றி தோல்விக்கு விடை தேடி விண்ணைப் பார்க்கவில்லை அந்தப் புலவர்கள்.

கோவூர்கிழார் ஒரு முறை மட்டுமா நின்றார்? சோழர் இருவர், நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும், தம்முள் மோதினர். நெடுங்கிள்ளி ஆவூர்க் கோட்டையை அடைத்துக்கொண்டு உள்ளே கிடந்தான். உள்ளே யானைகள் நீராட்டின்றி, கவளமின்றிக் கதறுகின்றன. குழந்தைகள் பாலின்றி அலறுகின்றன. மகளிர் கூந்தலில் பூவில்லை. ‘அறவழி நின்றால் கதவைத் திறந்து ஊரைக் கொடு, மறவழி நின்றால் கதவைத் திறந்து போர் செய். இரண்டுமின்றி அடைத்துக்கொண்டு கிடப்பது வெட்கம்’ என்றார் புலவர். வீரன் என்று பாடப்பட வேண்டியவனைப் பார்த்து, ‘உனக்கு நாணமில்லையா’ என்று கேட்ட பாட்டு அது! பின்னர் உறையூர் முற்றுகையின்போது இருவரையும் ஒருசேர விளித்தார். எதிரே நிற்பவன் சேரன் அல்லன், பனம்பூ சூடவில்லை; பாண்டியன் அல்லன், வேம்பு சூடவில்லை; இருவர் தலையிலும் ஆத்தியே! எவன் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதானே!

பனம்பூ என்றதும் நமக்கு நம் ஊர் நினைவு வருகிறது. சாயல்குடியிலிருந்து எத்திசை சென்றாலும் பனை. நம் மாணவர்க்குப் பனை என்றால் பதநீர், நுங்கு, கருப்பட்டி, கூரைக்கு ஓலை. அதன் குருத்தைத் தலையில் செருகி, ‘நான் உன் இனமல்லன்’ என்று காட்டிக்கொண்டு தமிழனைத் தமிழன் வெட்டினான் என்று சொன்னால் வியக்கிறார்கள். வியக்கட்டும். மூவேந்தரும் ஒன்றாய் நின்று தமிழகத்தைக் காத்தனர் என்று மேடையில் சொல்வது எளிது. மூவேந்தரும் ஒன்றாய் நின்ற இடம் பறம்புமலை. எதற்கு? இரவலர்க்கு இல்லையென்னாத பாரியின் சிறு மலையைச் சூழ்ந்து அழிப்பதற்கு! அந்த முற்றுகையின் முடிவில் தந்தையையும் குன்றையும் இழந்து நின்ற பாரியின் மகளிர் இருவரும் நிலவைப் பார்த்துப் பாடிய ஐந்தடிப் பாட்டிலே மூவேந்தரின் வெற்றி முரசைப் பற்றி ஒரு சொல் வருகிறது. அந்த ஒரு சொல்லுக்கு அந்த முரசங்கள் நாணவேண்டும்.

நெடுங்கிள்ளி புலவர் சொல்லைக் கேட்டானா? ‘காரியாற்றுத் துஞ்சிய நெடுங்கிள்ளி’ என்று அவன் பெயரே அவன் மாண்ட இடத்தைச் சொல்லுகிறது. இளந்தத்தன் என்ற புலவனை ஒற்றன் என ஐயுற்றுக் கொல்லப் புகுந்தவனும் இவனே. அப்போதும் தடுத்தவர் கோவூர்கிழாரே.

தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்கு வருவோம். சேர சோழரும் வேளிர் ஐவரும் ஆக எழுவர், ‘சிறுவன்தானே’ என்று எள்ளிப் படைதிரட்டி வந்தபோது, கிண்கிணி களைந்த காலில் அப்போதுதான் கழல் அணிந்தவன் அவன். இடைக்குன்றூர்கிழார் அவனைக் கண்டு வியந்து பாடிய பாடல்களை எத்தனை முறை படித்தாலும் நம் உடல் சிலிர்க்கும். அவன் உரைத்த வஞ்சினத்தையும் படியுங்கள். இவர்களை வெல்லேனாயின் என் குடிமக்கள் என்னைக் கொடியவன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலிய புலவர் என் நாட்டைப் பாடாது ஒழியட்டும், இரப்போர்க்கு ஈய முடியாத வறுமை என்னைச் சேரட்டும் என்கிறான். அக்கிலீஸ் தன் புகழ் ஒன்றையே எண்ணினான். இந்த இளைஞன் தன்னைப் பழிக்க உரிமையுடையவர்களாகக் குடிமக்களை எண்ணினான். வேறுபாடு சிறிதன்று.

ஆனால் இதே நெடுஞ்செழியன் பகைவர் நாட்டுள் புகுந்தபோது என்ன நடந்தது? வயல்கள் எரிந்தன, ஊர்கள் காடாயின. மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனாரே அதைப் பாடியிருக்கிறார். அவனது அவைப் புலவர் பாடிய சான்று அது! எரிந்த வயலை உழுதவன் எந்த வேந்தனோடும் பகை கொண்டவன் அல்லன். அவன் பெயரைப் பாடுவார் இல்லை.

இவனுக்கு வெற்றிமேல் வெற்றி வந்தபின் குடபுலவியனார் ஒரு பாட்டுச் சொன்னார். அதை நம் இராமநாதபுரச் சீமையின் ஒவ்வொரு கண்மாய்க் கரையிலும் படித்துக் காட்டலாம். உனக்கு மறுமைச் செல்வம் வேண்டுமா, பேரரசு வேண்டுமா, அழியாப் புகழ் வேண்டுமா? மூன்றுக்கும் வழி ஒன்றே: நீரைத் தேக்கு. உடம்பு சோற்றால் நிற்பது. சோறு என்பது நிலமும் நீரும் கூடியது. வானம் பார்த்த நிலம் எவ்வளவு பரந்திருந்தாலும் அது ஆள்பவனுக்கு உதவாது. பள்ளமான இடங்களில் குளம் தொட்டவனே தன் பெயரை நிறுத்தினான். யாகம் செய் என்று சொல்லவில்லை. தானம் கொடு என்றும் சொல்லவில்லை! மழை பொய்த்த ஆண்டில் வெடித்துக் கிடக்கும் கண்மாயைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். இந்தப் பாட்டின் அருமையைச் சோழநாட்டாரைவிட நாம் நன்கறிவோம். எழுவரை வென்றவனிடம் போய், ‘இது போதாது, குளம் வெட்டு’ என்று சொல்ல ஒருவருக்கு நெஞ்சுரம் இருந்தது.

முன்னோன் ஒருவன், பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி, வேறு வழி சென்றான். பெயரே சொல்லுகிறது. பகைவர் நகரத் தெருக்களைக் கழுதை பூட்டி உழுதவன்; வேள்வித்தூண்களையும் மிகுதியாக நட்டவன். ஓடிய பகைவர் எண்ணிக்கை மிகுதியா, நட்ட தூண்களின் எண்ணிக்கை மிகுதியா என்று நெட்டிமையார் கேட்கிறார். அவரே இன்னொரு பாட்டில், பிறர் மண்ணைக் கொடுமையாகப் பறித்து உன் பாணர்க்கு மட்டும் இனிமை செய்கிறாயே, இது அறமா என்றும் கேட்டுவிட்டார். புகழ்ச்சிக்குள் ஊசி வைத்திருக்கிறார் என்பது நம் எண்ணம்.

களத்துக்கு வெளியேயும் குறைகள் உண்டு. மயில் குளிரால் நடுங்குகிறதென எண்ணிப் போர்வையைக் கொடுத்த பேகனை எல்லாரும் அறிவோம். வள்ளல் எழுவரில் ஒருவன். பாடப்புத்தகத்தில் படத்தோடு இருப்பான். மயிலுக்கு இரங்கிய அந்த மகான் தன் மனைவி கண்ணகியைக் கைவிட்டு வேறொருத்தி ஊரில் கிடந்தான் என்பது படத்துக்குக் கீழே இராது. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என நான்கு புலவர்கள் ஐந்து பாடல்களில் அவனை இடித்துரைத்தார்கள். அவன் ஊர் வாயிலில் அவர்கள் பாடியபோது ஒரு பெண் விம்மி விம்மி அழுதாள். யார் என்று கேட்டால் அவன் மனைவி! பரிசில் கேட்டு வாழ்ந்தவர்கள் அப்புலவர்கள், இவர்களுக்கா பசியில்லை? இருந்தும், ‘உன் பொன்னும் மணியும் எமக்கு வேண்டா, இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைக் களை, அதுவே யாம் கேட்கும் பரிசில்’ என்றார்கள். அவன் போனானா என்பதைப் பாடல்கள் கூறவில்லை.

இதற்கு நேர்மாறாக, முரசு வைக்கும் கட்டிலில் அறியாது படுத்து உறங்கிய மோசிகீரனாரைச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வெட்டாது விட்டான். அருகே நின்று கவரி வீசினான். முரசுக்கட்டிலில் ஏறியவனை வெட்டுவது அந்நாள் வழக்கம், சடங்கு. மனிதன் உறங்குகிறான் என்பதைக் கண்டு அந்தச் சடங்கைத் தள்ளிவைத்தான் மன்னன். ஆனால் அவன் பட்டப்பெயர் ‘தகடூர் எறிந்த’ என்பது. அதியமானின் தகடூரை, இன்றைய தருமபுரியை, அழித்தவன் அவனே. கவரி வீசிய கையும் தகடூரை எறிந்த கையும் வேறுவேறல்ல.

மேடைகளில் நாம் முழங்கும் மறத்தாயைப் பற்றியும் ஒரு சொல். முதல் நாட்போரில் பிறந்த வீட்டு ஆண்மகன் ஒருவனை இழந்தாள். மறுநாள் கணவனை இழந்தாள். இன்று பறையொலி கேட்டதும், இருக்கும் ஒரே மகனின் பரட்டைத் தலைக்கு எண்ணெய் தடவி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். ஒக்கூர் மாசாத்தியார் பாட்டு. இதைச் சொல்லிக் கையொலி பெற்றவர்களில் நாமும் ஒருவர். ஆனால் மாசாத்தியார் பாட்டை எப்படித் தொடங்குகிறார்? இவள் சிந்தை கெடுக, இவள் துணிவு கொடிது என்று தொடங்குகிறார்! உரைகாரர் அதை வியப்பின் குறிப்பென்பர். இருக்கலாம். ஒரு பெண் மற்றொரு பெண்ணைப் பார்த்து நடுங்கிய நடுக்கமாகவும் நமக்குப் படுகிறது. எண்ணெய் தடவிய தலையோடு போகும் அந்தச் சிறுவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த முதலடியை நாம் ஒருநாளும் மேடையில் சொன்னதில்லை. இனிச் சொல்வோம்.

கரிகாலனை விட்டுவிட்டோமே என்று தோழர்கள் கேட்கலாம். இன்றைய கோவில்வெண்ணி என்னும் வெண்ணிக் களத்தில் அவன் சேரமான் பெருஞ்சேரலாதனை வென்றான். அவன் எறிந்த வேல் சேரமானின் மார்பைத் துளைத்து முதுகிலும் புண் செய்தது. முதுகில் புண்பட்டதற்கு நாணி, வாளோடு வடக்கிருந்து சேரமான் உயிர்விட்டான். வீண் மானம் என்று நாம் சொல்லலாம். நம் பகுத்தறிவுக்கு அது அப்படித்தான் படும். ஆனால் வெற்றிக் களிப்பில் இருந்த கரிகாலன் அவையிலே ஒரு பெண் வந்து நின்றாள். வெண்ணிக் குயத்தியார். மண்பிசைந்து கலம் வனையும் குடியினள் என்பதைப் பெயரே சொல்லுகிறது. காற்றை ஏவல் கொண்டு கடலில் கலம் செலுத்தியவன் மரபில் வந்தவனே, வென்றவன் நீதான். ஆனால் வென்ற உன்னைவிடத் தோற்று வடக்கிருந்தானே அவன்தான் உயர்ந்தவன் அல்லவா என்று கேட்டாள். கிரேக்கப் பாசறையில் தெர்சைட்டீஸ் முதுகில் செங்கோல் விழுந்தது. இங்கே குயத்தியின் பாட்டு, வென்றவன் புகழ்ப்பாட்டுகளுக்கு நடுவிலேயே, 66-ஆம் பாட்டாக ஏட்டில் ஏறிற்று. பனையோலையில் பல நூற்றாண்டு கிடந்து, 1894-இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பில் அச்சேறி, நம் கைக்கு வந்திருக்கிறது.

மறுவாரம் அதே வகுப்புக்குச் சென்றோம். தப்பியோடியதை ஒப்புக்கொண்டு, கோவூர்கிழாரின் பாட்டை முழுவதும் படித்துப் பொருள் சொன்னோம். யானையைக் கண்டு அழுகையை மறந்த இடம் வந்ததும் வகுப்பு அமைதியாயிற்று. அந்த மாணவன் மறுபடியும் எழுந்தான்.

“ஐயா, அந்தப் பிள்ளைங்க பேர் என்ன?”

பாட்டிலே பெயர் இல்லை என்றோம். அவன் சிறிது நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தான்.